கத்திரிக்கோல் அக்கா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த விஷயத்தைக் கேட்டும் கோபம் வராத ஆள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், ஊசி குத்தி உடம்பில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, குழாயில் விடுவது, குழாய் மேல் பெயர் ஒட்டுவது. இதில் மூன்றாவதுதான் முக்கியம். ஒருத்தர் பெயரை இன்னொருத்தர் குழாயில் ஒட்டினால் என்னவெல்லாம் நடக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கையிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. "யாருக்கா இவ?"

என் தங்கை திரைச்சீலை தைப்பவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது சொல்ல வேண்டியதை போனில் தட்டுவாள், போன் அதை ஓர் ஆண் குரலில் படிக்கும். பெண் குரலும் அதில் இருக்கிறது. அது ரொம்பக் கொஞ்சுகிறது, தனக்கு ஒத்துவராது என்று அவளேதான் ஆண் குரலை வைத்துக்கொண்டாள்.

அவளுடைய சொந்தக் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. நோய் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், தன் வீட்டு முன்னறையில் தைத்துக்கொண்டே பழைய படப்பாட்டு ஒன்றைப் பாடினாள். அவளுக்குத் தெரியாமல் அதை போனில் பதிவு செய்தேன். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. இரண்டாவது சரணத்தின் நடுவில் மெஷினும் நிற்கிறது, பாட்டும் நிற்கிறது. "அக்கா, கத்திரிக்கோல எங்க வச்ச?" என்று கேட்கிறாள். நான் எடுக்கவே இல்லை என்கிறேன். "நீ எடுத்தா எடுத்த எடத்துல வைக்க மாட்டியே" என்று ஒரு திட்டு விழுகிறது. கொஞ்ச நேரம் எதையோ உருட்டும் சத்தம். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்கிறாள்.

பாட்டை யார் வேண்டுமானாலும் பாடுவார்கள். எங்களுக்கு வேண்டியது அந்தக் கத்திரிக்கோல்தான். அவள் வாயால் பேசிய பேச்சு என்று மிச்சம் இருந்தது அந்த இரண்டு வரி மட்டும். ஞாயிறு காலையில் துணி வெட்ட உட்காரும்போது அதை ஒரு தடவை போட்டுக் கேட்பாள். அழுவதற்காக இல்லை. தன் குரல் எப்படி இருந்தது என்பது மறந்துபோகக் கூடாது என்பதற்காக.

அந்த ஞாயிறு அவள் போட்டபோது வேறு யாரோ பாடினார்கள். அதே பாட்டுதான், ஆனால் படத்தில் பாடிய பாடகியே பாடினார், இருபது வயலின் கூட வாசிக்க, தூசி துரும்பில்லாமல். மெஷின் இல்லை. கத்திரிக்கோல் இல்லை.

பதிவு இருந்த இடம் 'அலமாரி' என்ற இணையதளம். அவரவர் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளை அதில் ஏற்றி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டுக்கு வந்து நீங்கள் கேட்கலாம், பிடித்ததை எடுத்து உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளலாம், கீழே நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். 'உங்கள் தொகுப்பு என்றும் உங்களுடையது' என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பித்தான் போனில் இடம் பற்றாமல் போனபோது அந்தப் பதிவை போனிலிருந்து அழித்தேன். பரிசோதனைக்கூடத்தில் ஒவ்வொரு முடிவையும் இரண்டு இடத்தில் எழுதி வைக்கிறவள் நான். வீட்டில் எனக்குப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

உடனே தளத்துக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. 'அன்பான உறுப்பினரே, ஒரே பாட்டின் பல பிரதிகளை ஒன்றாக்கும் பணி நிறைவடைந்தது. உங்கள் தட்டில் இருந்த தரம் குறைந்த பிரதிக்குப் பதிலாக உயர்தரப் பிரதி வைக்கப்பட்டுள்ளது. இனிமையாகக் கேட்டு மகிழுங்கள்.' எனக்குப் பழையதுதான் வேண்டும் என்று மறுபடி எழுதினேன். பழைய பிரதிகள் நிரந்தரமாக நீக்கப்பட்டுவிட்டன, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று பதில் வந்தது. கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சி.

தரம் குறைந்த பிரதியாம். அந்தக் கோபத்தில் அன்று காலை இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்தினேன். என் தங்கையின் குரல்வளையை எடுத்த மருத்துவர்கூட முதலில் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எதை எடுக்கப்போகிறார், எது திரும்ப வராது என்று படம் போட்டுக் காட்டினார். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். இவர்கள் யாரைக் கேட்டார்கள்? யார் கையெழுத்துப் போட்டது?

சாப்பாட்டு இடைவேளையில் தளத்தின் பழைய அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டினேன். யார் கையெழுத்துப் போட்டது என்பது கிடைத்தது. நான்தான்.

அலமாரியில் ஒழுங்குக் குழு என்று ஒன்று உண்டு. நாலு வருஷமாக நான் அதில் இருக்கிறேன். என் பெயர் பக்கத்தில் பச்சைப் பட்டை ஒன்று தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்றவர்கள் தட்டில் பாட்டின் பெயர், பாடியவர், படம், வருஷம் எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, தப்பைத் திருத்தச் சொல்வது, திருத்தாதவர் மேல் புகார் கொடுப்பது. இதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. லேபிள் கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. போன மாதம் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வந்தது: பெயரும் பாடியவரும் ஒன்றாக இருந்தால் அதை ஒரே பாட்டாகக் கொண்டு, மட்டமான பிரதியை எடுத்துவிட்டு நல்லதை வைக்கலாமா? நான் ஆம் என்று போட்டதோடு நிற்கவில்லை. ஒரே பாட்டுக்கு ஆயிரம் பிரதி எதற்கு, குப்பையை வைத்துக்கொண்டு யார் கட்டி அழுவது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, நாற்பது பேரிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. முதலில் அந்தப் பதிவை ஏற்றியபோது 'தங்கச்சி, மெஷின், கத்திரிக்கோல்' என்றுதான் பெயர் வைத்திருந்தேன். குழுவில் சேர்ந்த வாரம், ஊரைத் திருத்தும் முன்னால் என் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். பாட்டின் சரியான பெயர், சரியான படம், படத்தில் பாடிய பாடகியின் பெயர். என் தங்கையின் குழாயில் இன்னொருத்தி பெயரை என் கையாலேயே ஒட்டினேன். இதற்கு மேல் அந்தக் கம்பெனியை என்னவென்று திட்டுவது? திட்டினேன்தான். ஒருவர் வீட்டுக்குள் வந்து பொருளை மாற்றி வைத்துவிட்டுப் போகிறவனுக்கு ஒரு தடவை கதவைத் தட்டத் தெரிய வேண்டாமா? ஆனால் திட்டும்போது பாதி எனக்கும் விழுந்தது.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு போனை எடுத்துத் தட்டினாள்.

"அப்ப என்னைய அழிச்சது நீதான்" என்றது ஆண் குரல்.

அந்தக் குரலில் அவளுக்குக் கோபமா, வருத்தமா, கேலியா என்று ஒன்றும் தெரியாது. பால் வாங்கி வா என்பதையும் அது அப்படித்தான் படிக்கும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி துணியைப் பிரித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோடு சண்டை போடுவதே எனக்கு எத்தனை பிடிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து, வேறு வழி தெரியாமல், தளத்தின் தேடும் கட்டத்தில் 'கத்திரிக்கோல்' என்று தட்டினேன். ஒன்று வந்தது. 'கத்திரிக்கோல் அக்கா'. மூன்று நிமிஷம் நாற்பது நொடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

யார் தட்டு என்று பார்த்தேன். லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தளத்தில் அதையே பெயராக வைத்திருந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒழுங்குக் குழுவின் நிரந்தரத் தலைவலி அவர்தான். ஆயிரத்து அறுநூறு பாட்டு வைத்திருக்கிறார், ஒன்றுக்காவது ஒழுங்கான பெயர் கிடையாது. 'மழையில நனைஞ்ச அன்னிக்கு'. 'பல்வலி'. 'பல்வலி 2'. 'மாமனார் வராத தீபாவளி'. 'தெரியல, ஆனா நல்லாருக்கு'. பல்வலி இரண்டு என்பது பாட்டின் பெயராக இருக்க முடியாது என்று இந்த வருஷம் மட்டும் அவர் மேல் மூன்று புகார் கொடுத்திருந்தேன். மூன்றாவது புகாரில் அவர் தட்டைப் பூட்டிவிட்டார்கள். பெயர்ப் பட்டியல் தெரியும், எதுவும் பாடாது. மேலே ஒரு சிவப்புப் பட்டை: 'வெள்ளிக்கிழமை நீக்கப்படும்.' அன்று திங்கள்.

அவர் வைத்த பெயர் தப்பான பெயர் என்பதால்தான் பிரதிகளை ஒன்றாக்கிய இயந்திரத்துக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. தெரியாததால் தொடவில்லை.

புகாரைத் திரும்பப் பெறப் போனேன். கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது, திரும்பப் பெற இல்லை. இதைக் கட்டியவர்களுக்கு ஒருத்தி மனம் மாறுவாள் என்று தோன்றவே இல்லையா? தளத்துக்கு எழுதினேன், ஒழுங்குக் குழுவின் முடிவு இறுதியானது என்று பதில் வந்தது. குழுவே நான்தான், நான்தான் கேட்கிறேன் என்று எழுதினேன். சிரிக்கிற மூஞ்சி வந்தது.

மிச்சம் இருந்தது அவர் மட்டும். சுற்றி வளைத்து நாலு தடவை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி என் எண்ணையும் கொடுத்தேன். செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. புதன் மத்தியானம், குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது போன் அடித்தது.

"மூணு தடவ போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் விடவில்லை. ஒவ்வொரு பாட்டையும் எப்போது, எங்கே கேட்டார் என்பதைத்தான் எழுதி வைத்திருந்தாராம். பாடினவர் பெயர் ஊருக்கே தெரியும், அதைத் தானும் ஒரு தடவை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை, அதனால் இன்னும் சுட்டது. வெள்ளிக்கிழமை தட்டு போய்விடும், தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றேன்.

"போகட்டும். எல்லாம் என் கையில இருக்கு. லிஃப்ட் ஓடுற குழிக்குள்ள சிக்னல் கெடைக்காது, அதனால பாட்ட எல்லாம் போன்லயே வச்சுக்குவேன். போறது நான் எழுதி வச்ச தட்டுதான். அத வந்து படிக்கிறதுக்கு நூறு பேர் இருந்தாங்க."

அந்தப் பதிவைச் சாயங்காலம் அனுப்புவதாகச் சொன்னார். வைக்கும் முன்னால் ஒன்று கேட்டார்.

"ஏழு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கத்திரிக்கோல் கெடச்சுதா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு அது வந்தது. வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட மறந்து பஸ் ஏறினேன். தங்கை மெஷினில் இருந்தாள். என் உடையைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தாள். நான் போனை மேஜை மேல் வைத்துப் பதிவைப் போட்டேன். மெஷின் ஓடியது. அவள் பாடினாள். இரண்டாவது சரணம் வந்தது, நின்றது. "அக்கா, கத்திரிக்கோல எங்க வச்ச?"

எதிரில் நின்றவளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அறுவை சிகிச்சைத் தழும்புக்கு என்றுதான் நினைத்தேன். இல்லை. அங்கே ஒரு நாடாவில் கத்திரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்யும்போது அதை அப்படித்தான் மாட்டிக்கொள்வாள், எப்போதும். லிஃப்ட்காரர் கேட்டதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அன்னிக்கும் கழுத்துலதான் தொங்குச்சு" என்றது ஆண் குரல். "உன்ன திட்டிட்டேன், அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ஏழு வருஷம். நான் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவள் என்று ஒரு லிஃப்ட்காரர் நம்பியிருக்கிறார், அவர் தட்டுக்கு வந்துபோன நூறு பேர் நம்பியிருக்கிறார்கள், இவள் வாயை மூடிக்கொண்டு பாட்டைத் தொடர்ந்திருக்கிறாள். முதலில் அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லு என்று கத்தினேன். அவள் சத்தம் இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு பதிவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, என்னைத் திட்டிய அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி போட்டாள். "இன்னொரு தடவ போடுடி" என்று நான்தான் கேட்டேன்.