முழங்கையில் நான்கு விரல்

இதில் ஒரு வரி பொய் என்றாலும், முப்பத்தோரு வருடம் நான் ஷிப்ட் பார்த்த சுரங்கம் என் தலையிலேயே சரியட்டும்.

மந்தாரக்குப்பம் தனபாக்கியம் சுரங்க டவுன்ஷிப்புக்குள் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்பவள். வேலைக்குப் போகும்போது மகள் இசைப்பிரியாவை உள்ளே விட்டு வெளியே பூட்டுவாள். மகளுக்கு வயது இருபத்திரண்டு. என்றோ ஒரு டாக்டர் 'மூளை வயது நான்கு' என்று சீட்டில் எழுதினார்; அன்று தொங்கவிட்ட பூட்டு அது.

சிறப்புப் பள்ளி காயத்ரி டீச்சர்தான் அந்தப் பூட்டைத் திறக்கவைத்து, அவளுக்குப் பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கும் வேலை பேசினார். தனியாக பஸ் ஏறி வந்தால்தான் சேர்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம் இவர்களை அடைத்துவைத்தார்கள், அப்புறம் மூளைக்கு வயது போட்டார்கள், இப்போது செய்யவேண்டியதைத்தான் சின்னச் சின்னத் துண்டாக்குகிறோம் என்பார் டீச்சர். பஸ் ஏறுவதைப் பதினான்கு துண்டாக்கினார். முதலில் முழங்கையைப் பிடித்து நடத்தவேண்டும். பிறகு லேசாகத் தொட்டால் போதும். கடைசியில் டீச்சரே இருக்கக்கூடாது.

எட்டாவது துண்டில் காய்ச்சல் வந்து டீச்சர் செத்துப்போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை டீக்கடை பெஞ்சில் இருந்தேன். இசைப்பிரியா நிறுத்தத்தில் நின்றாள். யாரோ பிடித்திருப்பதுபோல் முழங்கை தூக்கியிருந்தது. சட்டைத் துணியில் நான்கு விரல் அழுந்திய பள்ளம். பிடித்த ஆளைத்தான் காணோம்.

வேலைக்குக் கிளம்பிய தனபாக்கியமும் அதைப் பார்த்துவிட்டாள். வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவேன், மறுபடி பூட்டுவேன் என்றாள். வெள்ளிவரை பொறுக்கச் சொன்னேன்.

"பேயி புடிச்சிகினு நிக்கிது, நீங்க டீ குடிச்சிகினு கீறீங்க."

"ஆறிப்போயிடும்மா."

மறுநாள் மூன்று விரல்தான். வியாழனன்று ஒன்று, அதுவும் நகம் பட்ட அளவு. செத்தும் டீச்சர் பாடத்தை மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளமே இல்லை. பஸ் வந்தது. இசைப்பிரியா முழங்கையைத் தூக்கியபடியே நின்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஏற்றிவிட ஓடிய தனபாக்கியத்தின் குறுக்கே என் கைத்தடியை நீட்டினேன்.

இசைப்பிரியா திரும்பி, ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"டீச்சர், நீ வராத. இங்கியே நின்னுகினு இரு. நானே போறேன்."

கையைத் தொங்கவிட்டாள். ஏறினாள்.

பஸ் போனபின் எங்கள் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். நானில்லை, தனபாக்கியமும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுச் சாவியைத் தனபாக்கியம் மகள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

காயத்ரி டீச்சர் சாகவில்லை; அந்தக் காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. நான் ஷிப்ட் பார்த்ததோ திறந்தவெளிச் சுரங்கம், தலையில் சரிய அதற்குக் கூரையே கிடையாது.