பன்னிரண்டு அணிகளில் பதின்மூன்றாம் இடம்

2025 ஜூன் 12, வியாழன்

நான் செய்த பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் இலங்கைப் பெண்கள் அணிக்குக் கிடைத்த இடங்களை வருடவாரியாக ஓர் அட்டவணையாகத் தயாரித்தேன். அதில் அணி போகாத வருடங்களுக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு அல்ல, பல வருடங்களுக்கு.

அது ஹட்டனில் நான் போகும் மாலை நேரக் கணினி வகுப்பின் பயிற்சி. தலைப்பைக் கொடுத்தது டிலுக்ஷி. தோட்டக் குடியிருப்பில் பக்கத்து லயத்தில் இருப்பவள், டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து ஆடுகிறாள். அடுத்த மாதம் மாகாண அணிக்குத் தேர்வு. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி போதாது என்று, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தின் ஓரம் வளையத்தோடு ஒரு கம்பம் நட அனுமதி கேட்டிருந்தாள். வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயா சரி என்றால், தோட்டத்தை நடத்தும் துரையும் சரி என்பார். கடிதத்தோடு என் அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்தாள். நாட்டு அணி ஆசியா வரை போயிருக்கிறது என்று காட்டத்தான்.

திங்கட்கிழமை ஐயா அதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, முக்காவாசி வருஷம் கடைசி! நாட்டு டீமே இப்படின்னா, நம்ம களத்துல குழி தோண்டி என்ன ஆகப்போகுது?" என்றார். வெள்ளிக்கிழமை துரையிடம் பேசுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

நேற்று வகுப்பு முடிந்து மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது, கடை விட்டு வந்த டிலுக்ஷி தன்னிடமிருந்த பிரதியை மறுபடி படித்து, ஒரு வருடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த வருஷம் எத்தன டீம்டி ஆடுச்சு?"

"பன்னெண்டு."

"நம்ம டீம்?"

"பதிமூணு."

"பன்னெண்டு டீம்ல பதிமூணாவதா எப்படிடி வர்றது? வேலிக்கு வெளிய நின்னு ஆடுனாங்களா?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இதப் பாத்துத்தானே கண்டாக்கு அப்படிச் சொன்னாரு" என்றாள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடமாகப் பெரட்டில் நின்று வருகைப் பதிவான செக்ரோல் எழுதுகிறேன். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் எழுதுகிறவள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், இலங்கையின் பேரைக் காணாத வருடங்களில் கடைசி அணிக்கு அடுத்த எண்ணைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

பஸ்ஸில் அவளுடைய போனில் வருடம் வருடமாகத் திரும்பத் தேடினோம். போன வருடங்கள் சில, போகாத வருடங்கள் அதிகம். ஏன் போகவில்லை என்று நாங்கள் பார்த்த எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒருமுறை போய் ஆடிவிட்டு வந்தவர்கள், அடுத்த போட்டி தாங்கள் இல்லாமலே நடந்தபோது என்ன செய்திருப்பார்கள்? தொடர்ந்து பயிற்சிக்குப் போனார்களா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை இனி எண்ணாக எழுதக் கூடாது.

இன்று காலை பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் ஐயாவிடம் சொன்னேன்.

"கண்டாக்கையா, நான் அந்த டேபிள்ல தப்பா எழுதிட்டேங்க. அவங்க அத்தன வருஷமும் கடைசியா வரல. போகவே இல்ல."

"போகலன்னா நம்பர் ஏன் போட்ட?"

"கட்டம் காலியா இருந்துச்சுங்க."

வரிசையில் நின்ற அழகம்மா அக்கா விடவில்லை. "நல்ல புள்ளதான்! நான் வேலைக்கு வராத அன்னைக்கு, இவளுக்குக் கொழுந்தே எடுக்கத் தெரியாதுன்னு எழுதிருவா போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். பிறகு, "சரி, ஏன் போகல?" என்று கேட்டார்.

"தேடிப் பாத்தேங்க. எங்கயும் போடல."

"பேரு குடுத்துட்டுப் போகாம விட்டாங்களா, இல்ல பேரே குடுக்கலயா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தேடிச் சொல்வதாகச் சொன்னேன்.

"சரி, போய் ஆடுன வருஷங்கள்ல எப்படி?"

"கீழதாங்க வந்திருக்காங்க." அதை மறைக்க மனம் வரவில்லை.

ஐயா களத்தின் ஓரத்தைக் காட்டினார். "கம்பத்த நட்டா கொழுந்து லொறிய எங்க திருப்புறது? அத அளந்து குடு. லொறி திரும்ப இடம் இருந்தா நான் துரைகிட்ட சரின்னு சொல்றேன். இல்லாட்டி இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்குப் போவேன்."

மாலையில் டிலுக்ஷியிடம் சொன்னேன். "இந்தத் தடவ நீ மட்டும் அளக்காத" என்றாள். நியாயம்தான். லொறி டிரைவரிடம் விசாரித்தேன். திரும்புவதற்கு நாற்பது அடி வேண்டுமாம்.

நாளை காலை ஆறு மணிக்கு, பெரட்டுக்கு முன், இருவரும் களத்தை அளக்க வேண்டும். ஒருமுறை அவள் நாடாவைப் பிடிக்க நான் அளவைப் படிப்பது. மறுமுறை நான் பிடிக்க அவள் படிப்பது. இரண்டும் ஒத்துவந்த பிறகே எழுதி, பத்து மணிக்குள் ஐயாவிடம் கொடுக்க வேண்டும்.