தார் ஷாம்பு

கடையின் முன்பக்கம் அண்ணன் ஆண்களுக்கு முடி வெட்டுவான். திரைக்குப் பின்னால் பெண்களுக்குத் தங்கை. பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது. பிறகு அவள் முழங்கையில் தொடங்கிய சொரியாசிஸ் விரல்வரை இறங்கியது. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்? செதில் உதிரும் கை தலையில் பட்டதும் வந்தவர்கள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் பைன் தார் களிம்பு எழுதிக் கொடுத்தார். பைன் மரக்கட்டையைச் சுட்டு இறக்கும் கறுப்புத் தார் கலந்தது. மூன்று வாரத்தில் செதில் உதிர்வது நின்றது, அரிப்பும் அடங்கியது. நாற்றம்தான் போகவில்லை. ரோடு போடுகிற இடத்தில் நிற்பதுபோல இருந்தது.

"கடையில ஏதாவது கருகுதா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் வாடிக்கையாக வரும் டீச்சர்.

மறுவாரம் அண்ணன் ஒரு பெட்டி நிறையத் தார் ஷாம்பு வாங்கி வந்தான். பொடுகுக்குக் கைகண்ட மருந்து என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"எல்லார் தலையும் இதே வாசனை அடிச்சா, உன்னை யாரு தனியா மோந்து பாக்கப் போறாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

நாலைந்து பேருக்குப் பொடுகு குறையத்தான் செய்தது. மற்றவர்கள் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள். அண்ணனின் பழைய ஆட்கள்கூட வாசலோடு திரும்பினார்கள்.

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல, அதான் கூட்டமில்ல" என்றான் அவன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே அவள் மேலங்கியைக் கழற்றி மடித்தாள்.

"வீட்டுல வேலை தலைக்கு மேல கிடக்குண்ணே. நாளையிலிருந்து வரலை."

அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தான். ஷாம்பு பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

வாசனையில்லாமல் வேறு கடையில் சேரலாம் என்று களிம்பை நிறுத்திப் பார்த்தாள். பத்தே நாளில் விரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்காரம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். சொல்லி அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பின்னாடி ஒரு பொண்ணைப் போட்டிருக்கேன்."

"கை எப்படிண்ணே?"

"நல்ல கை" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

அவள் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.