சகலையின் இடப்பக்கம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. கண்ணாடிக் கடையில் மோவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, என் பார்வையைச் சோதித்தவர் சொன்னது. எழுந்து போக முடியாத ஓர் ஆள் கையில் சிக்கினால் யாருக்குத்தான் மனசு திறக்காது? "எழுதிக்கோங்க, பேர் மட்டும் வேண்டாம்" என்றார். முடிவுக்கு வருவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையாய்—"

வேண்டாம். பனி என்றதும் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பழக்கம் எனக்கு எப்போது போகுமோ.

அடுத்து: "இரண்டு பைக்குகள், இரண்டு நண்பர்கள்—"

பொய். அவர்கள் நண்பர்களல்ல, சகலைகள். அக்காவைக் கட்டியவர் கண்ணாடிக்காரர். தங்கையைக் கட்டியவர் கட்டுமான இடங்களில் கிரேன் ஓட்டுகிறவர். எங்கள் மலைப்பக்கம் குளிர்காலம் வந்து வயல்வெளித் தடங்கள் சேறாகிவிட்டால், பல் பல்லாக ரப்பர் வைத்த டயரை மாட்டிக்கொண்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள். விழுவார்கள், சிரிப்பார்கள், வண்டியைத் தூக்கி நிறுத்துவார்கள். இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இந்த வருடம் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, படிக்கிற கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார் சகலை. பேச்சுவாக்கில் கண்ணாடிக்காரர் அவரை பார்வையின் ஓரங்களைச் சோதிக்கிற, கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் பார்க்கச் சொன்னார். புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் வந்ததற்கெல்லாம் டக் டக்கென்று அமுக்கினார். இடது ஓரத்தில் புள்ளிகள் வந்தன, போயின. சகலையின் கட்டைவிரல் சும்மா இருந்தது.

"முடிஞ்சுதா? ரொம்ப நேரமா ஒண்ணும் வரலயே," என்றார்.

(இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாதாம். பக்கத்தில் என்ன இருக்கிறதோ, அதையே கொஞ்சம் இழுத்து மூளை நிரப்பிவிடுமாம். வேலி இருந்தால், இன்னும் கொஞ்சம் வேலி.)

இடப்பக்கப் பார்வை போய்விட்டதைக் கண்ணாடிக்காரர் சொன்னதும் சகலை சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட போறேன். கண்டிப்பா போறேன். ஆனா இந்தச் சவாரி முடியட்டும் சகலை. உங்க கொழுந்தியாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா பைக்கும் போச்சு, கிரேனும் போச்சு."

கண்ணாடிக்காரர் சரி என்றார். தனியாக விடப் பயந்துதான் கூடவே போனார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சகலையை வீம்பு பிடித்தவராக எழுதினால் கதை சுலபமாக நகரும். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் கடையில் கேட்ட குரலில் வீம்புக்காரர் யாரும் இல்லை. இத்தனை வருடம் எவர் தலையிலும் ஒரு செங்கல்கூடப் போடாத ஓர் ஆள் இருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தடத்தின் இருபுறமும் ஆளுயர வேலி. டிராக்டர் சக்கரம் கிழித்த பள்ளங்களில் தண்ணீர் உறைந்து, டயர் ஏறியதும் கண்ணாடி போல் நொறுங்கியது. சகலை முன்னால், இவர் பின்னால். சகலை இடுப்பை லாவகமாக வளைத்து வழுக்கலைத் தாண்டிப் போவதைப் பார்க்கையில், இயந்திரம்தான் தப்பாகக் காட்டிவிட்டதோ என்று இவருக்கு ஒரு நிமிடம் நப்பாசை வந்தது. மறு நிமிடமே அது போய்விட்டது. இடப்பக்கம் ஒவ்வொரு வேலிச் சந்தும் வரும்போது சகலைக்காக இவர் எட்டிப் பார்த்தார். சொந்த வண்டி இரண்டு முறை பள்ளத்தில் இறங்கி ஏறியது.

இடப்பக்க வேலியில் ஒரு படல் திறந்தது. நாயைப் பிடித்தபடி ஓர் அம்மா தடத்துக்குள் கால் வைத்தார்.

இவர் ஹாரனை அமுக்கினார். சேறு அடைத்த ஹாரன் இருமியது. "சகலை! இடது பக்கம்! இடது—"

அந்த அம்மா தானாகவே பின்னால் பாய்ந்து சேற்றில் மல்லாந்து விழுந்தார். சகலையின் கைப்பிடி அவர் கம்பளிக் கோட்டை உரசிக்கொண்டு போனது. வண்டி வேகம் குறையவில்லை. பிரேக் விளக்கு எரியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சகலை வளைவில் மறைந்தார்.

"உயிரோட இருக்கேன், இருக்கேன்," என்று எழுந்தார் அந்த அம்மா. "அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? இடிச்சுட்டு நிக்காமப் போறான்!"

'அவருக்குத் தெரியாதும்மா' என்ற வார்த்தை கண்ணாடிக்காரரின் தொண்டை வரை வந்தது. "மன்னிச்சுடுங்கம்மா," என்று மட்டும் சொன்னார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

4

வளைவுக்கு அப்பால் சகலை வண்டியை நிறுத்திவிட்டு, பிளாஸ்கைத் திறந்து டீயின் ஆவியை ஊதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"எங்க மாட்டிக்கிட்டீங்க? சேத்துலயா? என்னா தடம் சகலை, வெண்ணெய் மாதிரி!"

"அந்த அம்மாவை இடிக்கப் பாத்தீங்க."

"எந்த அம்மா?"

[இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். கண்ணாடிக்காரரும் கடையில் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.]

சகலை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "கூட யாராவது சின்னப் பிள்ளைங்க இருந்தாங்களா?"

"இல்ல. நாய்தான்."

"நாய் குரைச்சுதா?"

"குரைச்சுது."

பிளாஸ்கை மூட முயன்றார். மூடி புரியில் உட்காரவில்லை. கண்ணாடிக்காரர் வாங்கி மூடினார். இருவரும் நடந்தே திரும்பிப் போய்ப் படலைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை.

"நீங்க முன்னாடி போங்க," என்றார் சகலை. "உங்க பின் விளக்கைப் பார்த்துக்கிட்டே வர்றேன்."

5

சகலை போகிற வழியில் எதிலோ மோதிச் சாவதாக ஒரு முடிவு எழுதினேன். அழுத்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். மறுநாளே அவர் டாக்டரிடம் போய், சொட்டு மருந்து போட்டு, எல்லாரும்— அதையும் அடித்தேன். போன பார்வை சொட்டு மருந்தில் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். நடை வேகத்தில் ஓட்டி வீடு வந்து சேர்ந்தார்கள். சகலையின் மனைவி கதவைத் திறந்தாள். இரண்டு சேற்றுப் பொம்மைகளையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அத்தான், இவரு ஒழுங்கா ஓட்டினாரா? நாளைக்குப் பெரிய கட்டடத்துல வேலை, உடம்பு அசதியா இருக்கக் கூடாது."

கண்ணாடிக்காரரின் பின்னால் குனிந்து பூட்ஸ் வாரைக் கழற்றிக்கொண்டிருந்த சகலையின் கைகள் நின்றன. நிமிரவில்லை.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தது போல் எழுதவும் வரவில்லை. நீங்கள்தான் அந்த அத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள். சிரிப்பு மெல்லக் குறைகிறது. கதவு திறந்தே கிடக்கிறது, குளிர் உள்ளே போகிறது.

ஏதாவது சொல்லுங்கள்.