தவிட்டுக்கு விற்ற பாட்டு

தென்காசியில் 1974க்கும் 1981க்கும் இடையில் ஏழு பாட்டுகள் செத்துப்போயின. ஏழையும் சிற்றாற்றங்கரையில்தான் புதைத்தார்கள். சிறுசுகளை எரிக்கிற வழக்கம் நம் பக்கம் கிடையாது. ஏழுக்கும் தகப்பன் ஒருவனே. அவன் பெயர் காந்திமதிநாதன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் எழுத்துக் கோத்தவன், மற்ற நேரத்தில் ஆர்கன் வாசித்தவன்.

வினை, அவன் கூட்டாளி மூசாவின் மச்சான் வழியாக வந்தது. குவைத்திலிருந்து வருகிற மனுஷன் ஊர் வழக்கப்படி சென்ட்டு பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவந்திருக்கலாம். அவரோ ஒரு ரெக்கார்டு பிளேயரும் பதினோரு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரப் பையன்களின் பாட்டுகள். ஒரு பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும்; அது முடிவதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். பெயர்களோ, அதை ஏன் கேட்கிறீர்கள், பாட்டுக்கும் பெயருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பாட்டில் ஒரு வரியில்கூட வராத ஒன்றை அட்டையில் முழநீளத்துக்குப் போட்டிருந்தார்கள். காந்திமதிநாதன் தட்டைக் கேட்டதைவிட அட்டையை வாசித்ததுதான் அதிகம். பெயர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தான்.

நாலாம் நாள் கோஷ்டி பிறந்தது. மூசா கிட்டார், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கைலாசம் டிரம்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஒரு ரைஸ்மில்லின் பின்கட்டில் ஒத்திகை. முதல் ஒத்திகையன்று சாரல் அடித்து, ஒயர் நனைந்து, கிட்டாரைத் தொட்ட மூசா நெல் அம்பாரத்தில் போய் விழுந்தான். லைன்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஷாக் வாங்கினான் என்று ஊர் சிரித்தது. காந்திமதிநாதனுக்கோ பெயர் கிடைத்த சந்தோஷம். ‘மின்சாரச் சாரல்’ என்று அன்று சாயங்காலமே நோட்டீஸ் அடித்துவிட்டான்.

பாட்டுகளுக்கும் இப்படித்தான் பெயர் வைத்தான். ஐந்தருவியில் ஒரு மலையாளத்து வக்கீல் விரித்த குடையை மடக்காமல் அருவிக்குள் நின்று குளித்ததைப் பார்த்து, முதல் பாட்டுக்கு ‘பச்சைக் குடைக் கோமாளியின் மூன்று மரணங்கள்’ என்று வைத்தான். மூன்று மரணம் எங்கேயிருந்து வந்தது என்று கைலாசம் கேட்டதற்கு, “கனமா இருக்கணும்லாலே” என்று பதில் சொன்னான். புளியங்குடிச் சாலையில் எலுமிச்சை லாரிகளுக்கு இடையில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டு நின்ற இருபது நிமிஷம், ‘எலுமிச்சை வடக்கே போகிறது: பாகம் ஒன்று முதல் ஐந்து வரை’ ஆயிற்று. பண்பொழி மலைப்படியில் வெயிலுக்குத் தலைசுற்றி உட்கார்ந்தபோது ‘படியிறங்கி வரும் கண்ணாடி மயில்’ வந்தது.

பெயர் அச்சேறிய அன்றே பாட்டுக்கு உடம்பு சுடும். அதைப் பதிந்த டேப்பைத் தொட்டால் விரல் பொத்துப்போகும். பிறகு தாளத்துக்கு மூச்சு வாங்கும். பதினாறாம் நாள் ஆர்கனில் கட்டையின் சத்தம் மட்டும் வரும்; கிட்டாரில் கம்பி ஆடும், நாதம் இருக்காது. வேறு எதை வாசித்தாலும் பழுதில்லாமல் வரும், அந்தப் பாட்டு மட்டும் வராது. பதிவு செய்த டேப்பைப் போட்டால் மில்லின் மின்விசிறி சுற்றுவது கேட்கும். மூன்று ரேடியோ மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். டேப்பை வெள்ளைத் துணியில் சுற்றி, குழிக்குள் வைத்து, பால் ஊற்றிவிட்டு வருவார்கள். ஏழாவதைப் புதைத்த அன்று காந்திமதிநாதன் ஆற்று மணலில் புரண்டு அழுதான். அவன் மனைவி ருக்மிணிதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

1982இல் மூசாவுக்குச் சவூதியில் தமாமுக்கு விசா வந்தது. ஆவணியில் விமானம். ஆடியில் குற்றாலத்தில் சீசன் விழா, அங்கே வாசிக்க வாய்ப்புக் கிடைத்திருந்தது. எட்டாவது பாட்டும் தயாராக இருந்தது. இருபத்து மூன்று நிமிஷம். முந்தைய ஏழையும் கேட்டவர்கள்கூட, அதெல்லாம் இதற்கு உறை போடக் காணாது என்றார்கள். “இது ஒண்ணாவது தக்கணும்லே. எட்டு வருசம் அடிச்சதுக்கு ஒண்ணுமே இல்லாம நான் ஏரோப்ளேன் ஏறணுமா?” என்று மூசா கேட்டான். காந்திமதிநாதன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனிடம் பதினோரு சொல்லில் ஒரு பெயர் தயாராக இருந்தது.

மில்லில் தவிடு சலிக்கிற கோமதியம்மாள் ஏழு பாட்டும் பிறந்ததைக் கேட்டவள், ஏழும் போனதையும் பார்த்தவள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“தம்பி, நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய. எனக்கு மொத நாலு பிள்ளையும் தக்கல. ராசா வீட்டுப் பேரா தேடித் தேடி வச்சேன். நான் கூப்பிட்டது எமனுக்குல்லா கேட்டுட்டு! அஞ்சாவதப் பெத்ததும் பக்கத்து வீட்டு அலிமாக்காட்ட ஒரு சுளகு தவிட்டுக்கு வித்துட்டேன். பிச்சைன்னு பேரு. இன்னைக்குப் புளியங்குடியில லாரி ஓட்டுதான்.”

“அதுக்கு நாங்க என்ன செய்யணும்?”

“பாட்ட எனக்கு வித்துருங்க. குப்பைன்னு பேரு வைங்க. யாரு கேட்டாலும் ஒங்களதுன்னு மட்டும் சொல்லப்படாது. சொன்னிய, போச்சு.”

காந்திமதிநாதனுக்கு வந்ததே கோபம்! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதைப் போய்க் குப்பை என்பதா? நாலு நாள் அந்த மில் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் அச்சகத்தில் ஆசை தாங்காமல் பதினோரு சொல்லையும் எழுத்தெடுத்துக் கோத்தான். பதினோராவது சொல்லை வைத்ததும் ஈய எழுத்துகள் அடுப்புக்கரி போலச் சுட்டன. அத்தனையையும் உதறிவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மில்லுக்கு ஓடினான். அங்கே டேப் கொதித்துக்கொண்டிருந்தது.

விற்பனை முறைப்படி நடந்தது. டேப்பைக் குப்பைமேட்டில் மூன்று தடவை புரட்டி எடுத்துக் கோமதியம்மாள் கையில் கொடுத்தார்கள். அவள் ஒரு சுளகு தவிட்டைக் காந்திமதிநாதனின் வேட்டி முந்தியில் கொட்டினாள். டேப்புக்கு மையால் பொட்டு வைத்து, கறுப்புக் கயிறு கட்டி, “ஏலே குப்பை” என்று கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் சூடு இறங்கிவிட்டது. தவிட்டை ருக்மிணி மாட்டுக்கு வைத்தாள். “நீங்க கண்ணு முழிச்சுப் போட்ட பாட்டுல்லா?” என்று அவள் ஆரம்பித்தபோது அவன் அவள் வாயைப் பொத்தினான்.

பெயர் வைத்துப் பதினாறாம் நாள்தான் குற்றாலத்தில் விழா. நல்ல சாரல், நல்ல கூட்டம். கோமதியம்மாள் முன் வரிசையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்போது அறிவிப்பாளருக்கு என்ன தோன்றியதோ, மைக்கைப் பிடித்து, “இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது, நம் தென்காசி காந்திமதிநாதன் அவர்கள் சொந்தமாக இயற்றிய அற்புதமான பாடல்!” என்று முழங்கிவிட்டார். எட்டு வருஷமாக ஒருவரும் சொல்லாத வார்த்தை. கூட்டம் கைதட்டியது. சும்மா சொல்லக்கூடாது, காந்திமதிநாதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநொடி ஆர்கன் கட்டைகள் சுடத் தொடங்கின. கைலாசத்தின் தாளத்துக்கு மூச்சு வாங்கியது. மூசாவின் மூன்று கம்பிகள் ஆடின, சத்தம் இல்லை. மூசா அவனைப் பார்த்த பார்வையைப் பிற்காலத்தில்கூட அவன் யாரிடமும் விவரித்ததில்லை.

வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் மைக்கை இழுத்தான்.

“இது என் பாட்டு இல்ல” என்றான். கைதட்டல் நின்றது. “எனக்கு இப்படியெல்லாம் பாட்டுப் போட வராதுங்க. பேரு குப்பை. யாரோ போட்டுட்டுப் போனது. அந்தா உக்காந்திருக்காவல்லா, அந்த அம்மா வீட்டுல கெடந்துச்சு.”

கட்டைகள் குளிர்ந்தன. மூன்று கம்பிகளும் பேசின. மீதிப் பதினெட்டு நிமிஷத்தையும் அவன் கண்ணீர் வழிய வழிய வாசித்தான். சாரல் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில், சொந்தச் சரக்கில்லாத ஒரு கோஷ்டி குப்பைப் பாட்டு வாசித்ததாக நாலு வரி வந்தது. அதை அவன் கத்தரித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

பாட்டு பிழைத்தது. மூசா விமானம் ஏறினான். கைலாசம் செங்கோட்டைக்கு மாற்றலானான். பாட்டு கோமதியம்மாள் வீட்டில் வளர்ந்தது. காலையில் அடுப்படியிலும் மத்தியானம் முற்றத்திலும் அது கேட்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவர், குப்பை, வயது மூன்று என்று எழுதிவிட்டு, சர்க்கரை அளவைத் திருத்திக் கொடுத்துப் போனார். காந்திமதிநாதன் அச்சகத்துக்குப் போகிற வழியை மாற்றி, தினமும் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவான். நிற்க மாட்டான். ஐந்து வயதான பிறகு அது பிச்சையின் லாரியில் ஏறி வெளியூர் போக ஆரம்பித்தது. முதலில் மதுரை, பிறகு பம்பாய். போனதில் ஒரு தடவை திரும்பி வரவில்லை. கோமதியம்மாள் ஒரு வாரம் தேடினாள், பிறகு ஆம்பளைப் பிள்ளை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

1988இல் மூசா விடுமுறையில் வந்தான். பேரீச்சம்பழத்தை ருக்மிணியிடம் கொடுத்துவிட்டு, காந்திமதிநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“தமாம்ல கேட்டேம்லே” என்றான். “எங்க கேம்ப்புல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் வாசிக்கான். யாருதுடான்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டான்.”

காந்திமதிநாதன் இன்னும் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

“மெலிஞ்சிருக்காலே?”

“மெலியவா? நல்லாச் சதை போட்டிருக்கு. நாப்பது நிமிசம் வருது.”

உள்ளேயிருந்து ருக்மிணி, “எதச் சொல்லுதிய, நம்ம பாட்டையா?” என்று கேட்டாள்.

காந்திமதிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இல்லட்டி” என்றான். “யாரு பெத்த பிள்ளையோ. நல்லா இருக்கட்டும்.”