பதினான்காம் எபிசோடில் குரல் கிடையாது

வினிபெக்கில் நான் நடத்துகிற காமிக்ஸ் கடையின் பின்னறையில், சனிக்கிழமை மதியங்களில் மூன்று பேர் கூடுவோம். ஓடீல் என்கிற நான், ராஸ் பெட்ராச்சுக், கார்னெட் தீஸன். வேற்றுக்கிரகம், டிராகன், ரோபோ, பேய்க்கப்பல் என்று மற்றவர்கள் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டதையெல்லாம் நாங்கள் நாற்பது தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருவர் "இதைப் பார்" என்றால் பார்க்க வேண்டும், "படி" என்றால் படிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வந்து வாய்க்கு வந்தபடி திட்டலாம். பார்க்காமல் மட்டும் பேசக் கூடாது.

இதை ராஸ் அளவுக்கு மதித்தவர் யாருமில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் குத்தும். கார்னெட் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார், நல்ல பேச்சுக்காரன். வாரம் ஒன்றைக் கொண்டுவந்து "இதைப் பார்க்காம செத்துப்போனா பாவம்" என்பான். ராஸ் அத்தனையையும் பார்த்தாள். அவன் சொன்ன டிராகன் நாவல் ஒன்று ஒன்பது பாகம். மூன்றாவதிலேயே கதை செத்துவிட்டது என்று திட்டிக்கொண்டே ஒன்பதையும் படித்து முடித்தாள்.

அவள் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'நெப்டியூன் தபால்' என்ற பழைய டிவி தொடர். வான்கூவரில் யாரோ கைக்காசைப் போட்டு எடுத்தது. ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு அக்காளும் தம்பியும் கிரகம் கிரகமாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற கதை. கார்னெட் பல வருஷம் இன்று நாளை என்று தள்ளிப்போட்டான். ராஸ் தன்னிடமிருந்த டிஸ்க்குகளைக் கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் அவனே வந்து, "பாத்துட்டேன். அந்தப் பதினாலாவது எபிசோட்... என்னால பேச முடியல" என்றான். ராஸ் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று மாலை இருவரும் சேர்ந்தே அவள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதம், ஊர் நடுவில் உள்ள மண்டபத்தில் வருஷாந்திர ரசிகர் விழா. அதில் ஒரு மணி நேர நிகழ்ச்சி என் பொறுப்பு. யாரும் அறியாத நல்ல படைப்புகளைச் சிபாரிசு செய்வதுதான் விஷயம். மேடையில் என் வலப்பக்கம் ராஸ், இடப்பக்கம் கார்னெட். எதிரே இருநூறு பேர் இருப்பார்கள். பிடித்த கதாபாத்திரம் மாதிரி வேஷம் கட்டி வந்தவர்கள், பாதிப் பேர் அட்டைக் கவசம், மீதிப் பேர் பச்சைச் சாயம்.

கார்னெட் 'நெப்டியூன் தபால்' பற்றிப் பேச எழுந்தான். ராஸுக்கு இது முன்னமே தெரியாது. அவளை மகிழ்விப்பதற்காகவே எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

"பதினாலாவது எபிசோட்," என்று ஆரம்பித்தான். "தம்பி வெளியே மாட்டிக்கிட்டான். கதவ மூடலன்னா கப்பல்ல இருக்கிற எல்லாரும் செத்துப்போவாங்க. அக்கா கதவ மூடுறா. அப்புறம் ரேடியோ பக்கத்துல போய் உக்காந்துக்குறா. ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. திடீர்னு தம்பியோட குரல். 'நீ செஞ்சது சரிதான்க்கா. போ. தபாலக் கொண்டுபோய்க் குடு.' அந்தக் குரலக் கேட்டதும் நான் குழந்த மாதிரி அழுதேங்க."

மண்டபம் கை தட்டியது. நான் ராஸைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தக் குரல் எப்படி இருந்துச்சு, கார்னெட்?" என்று மைக்கில் கேட்டாள்.

"எப்படின்னா... மெல்லிசா. இரைச்சலுக்கு நடுவுல."

"அக்கா அதுக்கு என்ன பதில் சொன்னா?"

அவன் சிரித்தான். "பதில் சொல்லல. அழுதா."

"அப்படி ஒரு குரலே வராது," என்றாள் ராஸ். "அவ ரேடியோகிட்ட உக்காந்திருக்கா. ஒண்ணும் வராது. கடைசி வரைக்கும் வராது. எந்திரிச்சுப் போய்த் தபாலத் தரம் பிரிக்க ஆரம்பிக்கிறா. அவ்வளவுதான் அந்த எபிசோட். நீ அதப் பாக்கவே இல்ல."

முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஆமா, அந்தக் குரல் கத, நெட்ல ரசிகர் பக்கத்துல இருக்கிற கதச்சுருக்கத்துல எவனோ விளையாட்டுக்கு எழுதிவிட்டது. போன மாசம்தான்" என்றான். சிலர் சிரித்தார்கள். ராஸ் மைக்கை மேஜையில் வைத்த வேகத்தில் மண்டபம் முழுக்க டமார் என்று கேட்டது. இறங்கிப் போய்விட்டாள். கார்னெட் பின்னாலேயே ஓடினான். நிகழ்ச்சியைப் பாதியில் முடித்துவிட்டு நானும் போனேன்.

கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்து நடையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே கேள்வி. பாத்தியா, பாக்கலையா?"

"முதல் எபிசோட் பாத்தேன்."

"முழுசா?"

அவன் கோட்டு வரிசைப் பக்கம் திரும்பினான்.

"முழுசாவாடா?"

"பாதி. அட்டைப் பெட்டியில செஞ்ச கப்பல், ராஸ். கதவச் சாத்தினா சுவரே ஆடுது. என்னால முடியல. மிச்சத்த நெட்ல கதச்சுருக்கம் படிச்சேன். இன்னிக்குக் காலையில அந்தச் சுருக்கத்த மறுபடி ஒரு தடவ படிச்சுக்கிட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! குப்பைன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் உன்ன மென்னு துப்பியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்ட. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"என் மனசு! என் மனசப் பத்தி நீ பேசாத!"

எட்டுக் கை வைத்த உடுப்பில் ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போக முடியாமல் தவித்தாள். அவளை ஒதுக்கி அனுப்பிவிட்டு, நான் ராஸின் தோளைத் தொட்டேன்.

"ராஸ், விடு. ஒரு டிவி தொடருக்குப் போய் இவ்வளவு..."

"நீ சும்மா இரு, ஓடீல். உனக்குத் தெரியாது." என்னைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "என் சமையலறையில உக்காந்து, 'அந்தக் கதவு மூடினப்ப எனக்கு மூச்சு நின்னுபோச்சு'ன்னு சொன்னியே. அத நம்பித்தானே தனிலோ செத்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட சொன்னேன்? எங்க அம்மாவுக்கே தெரியாதுடா அது! இவன் பாத்திருக்கான், இவனுக்குப் புரியும்னு நெனச்சேன். நீ போன்ல நாலு வரி படிச்சுட்டு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்க."

"நான் அழுதது பொய்யில்ல."

"எதப் பாத்து அழுத? சொல்லு!"

அவள் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே உறைபனிச் சேற்றில் இறங்கிப் போனாள்.

தனிலோ அவள் தம்பி. உறைந்துகிடந்த வினிபெக் ஏரியில், பனிமேல் ஓட்டுகிற மோட்டார் வண்டியோடு, உறைபனி உடைந்து மூழ்கிப் போனவன். அது எனக்கும் தெரியும். தனியாகப் போனான் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு ராஸ் சனிக்கிழமைகளில் வரவில்லை. கார்னெட் வந்தான். பின்னறையில் உட்காராமல் என் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு, "நீ அவகிட்ட பேசேன், ஓடீல். உன் பேச்சக் கேப்பா" என்றான்.

எனக்கும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனை வருஷச் சனிக்கிழமைகளில் நான் சொன்னவற்றில் எதையெல்லாம் இவன் நிஜமாகப் பார்த்தான் என்று கணக்குப்போட ஆரம்பித்திருந்தேன். கேட்கவும் பயம்.

"உனக்காகத் தூது போறதுக்கு நான் ஆள் இல்ல," என்றேன். அலமாரியிலிருந்து என்னுடைய 'நெப்டியூன் தபால்' டிஸ்க் பெட்டியை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "இத முழுசாப் பாரு. பாக்காம என் கடைப் படியேறாத."

"இப்பப் பாத்து என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. பாரு."

எடுத்துக்கொண்டு போனான்.

ஏப்ரல் கடைசியில், அவள் கேட்டிருந்த புத்தகம் வந்திருக்கிறது என்று சொன்னதும், வேலை நாள் மதியம் ராஸ் கடைக்கு வந்தாள். அவள் பணத்தை எடுத்து நீட்டும்போது கதவு மணி அடித்தது. கார்னெட். கையில் அந்தப் பெட்டி. இருவருமே அங்கே மற்றவரை எதிர்பார்க்கவில்லை. அவன் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"பாத்தேன். முழுசா," என்று சொல்லிப் பெட்டியை என் கல்லாமேல் வைத்தான்.

"சரி," என்றாள் ராஸ்.

"பிடிக்கல. நடிப்பு மோசம். பாதி எபிசோடுக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல." "பதினாலாவத மட்டும் ரெண்டு மூணு தடவ நிறுத்தி நிறுத்தித்தான் பாக்க முடிஞ்சுது. அந்த ரேடியோகிட்ட அவ உக்காந்திருக்கிறப்ப, ஏதாவது ஒரு குரல் வந்துராதான்னு நானே வேண்டிக்கிட்டேன். வரல. அப்பத்தான் நான் அந்த மேடையில என்ன பேசினேன்னு எனக்கு ஒறச்சுது. மன்னிச்சுரு, ராஸ்."

அவள் உருகிவிடுவாள் என்று நான் நினைத்தேன். உருகவில்லை.

"பெட்டிய ஓடீல்கிட்ட திருப்பிக் குடுத்துட்ட. நான் குடுத்த டிஸ்க்கையும் திருப்பிக் குடுத்துருவ. நான் சொன்னத எப்படித் திருப்பிக் குடுப்ப? அது உன் தலைக்குள்ள இருக்கு. நான் தேர்ந்தெடுத்து ஒருத்தன்கிட்ட குடுத்தேன். அந்த ஆளே கிடையாதுன்னு இப்பத் தெரியுது. ஆனா விஷயம் உன்கிட்ட இருக்கு."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அது எனக்கு இன்னும் அசிங்கம், கார்னெட். எனக்கும் உனக்கும் மட்டும் ஒரு ரகசியம்னு நீ வச்சுக்கிட்டுத் திரியுறது." அவள் புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். "இங்க வராதன்னு சொல்லமாட்டேன், இது என் கடை இல்ல. ஆனா இனிமே எனக்கு எதையும் பாரு, படின்னு சொல்லாத. ஒண்ணும் சொல்லாத."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ராஸ் போகவில்லை. "கதவச் சாத்திட்டு வா," என்றாள் என்னிடம். பட்டப்பகலில் கடையைப் பூட்டினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள்.

அன்று ஏரியில் அவளும் இருந்தாள். தம்பியின் வண்டிக்குப் பின்னால் அவள் வண்டி. அவள் கண் முன்னாலேயே பனி உடைந்து அவன் தண்ணீருக்குள் போனான். மேலே வந்து பனி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவள் குப்புறப் படுத்து ஊர்ந்து பாதி தூரம் போனாள். கீழே பனி விரிசல் விடுகிற சத்தம் கேட்டதும் பின்னால் ஊர்ந்து வந்துவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வெறும் ஓட்டைதான் இருந்தது. தேடிக்கொண்டு வந்ததாகவும், ஓட்டையைத்தான் பார்த்ததாகவும் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

"நீ போயிருந்தா நீயும் செத்திருப்ப," என்றேன்.

"அத எனக்குச் சொல்லாத, ஓடீல். அது தெரியாமயா இருக்கேன்? நீ கேட்டா மட்டும் போதும்."

கல்லாவைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

அந்த வாரமே அவள் கிம்லியில் இருக்கிற அம்மாவிடம் போனாள். நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். அம்மா பெரோகி என்கிற கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார்களாம். ராஸ் சொல்லி முடிக்கும் வரை தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிறகு அந்த மாவை அப்படியே சுருட்டித் தரையில் அடித்தார்கள்.

"அவன் ஒத்தையாச் செத்தான்னு நெனச்சு நெனச்சு நான் எத்தன ராத்திரி தூங்கல, தெரியுமாடி உனக்கு? அவன் பக்கத்துல ஒரு மனுஷ முகம் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு இத்தன வருஷமா?"

"நான் திரும்பி வந்துட்டேம்மா. அவன விட்டுட்டு."

"அதக் கேக்கல நான்! திரும்பி வந்ததுக்கு உன்ன எவ திட்டுனா? எனக்கு ரெண்டு பிள்ளையும் போயிருக்கணுமா? என்கிட்ட பொய் சொன்னதுக்குத் திட்டுறேன்!"

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"என் பேரச் சொல்லிக் கத்தினான். வேற ஒண்ணும் சொல்லல."

அம்மா தரையிலிருந்த மாவைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்கள். பொறுக்கிக்கொண்டே சொன்னார்களாம்: "இப்பப் போயிரு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. ஞாயித்துக்கிழம வா. காலையில கிளம்பினதுலேருந்து எல்லாத்தயும் சொல்லணும். ஒண்ணு விடாம."

ராஸ் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள். முதல் சில வாரம் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அம்மா இன்னும் திட்டுகிறார்கள், திட்டிக்கொண்டே சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். கார்னெட்டும் ராஸும் மறுபடி சனிக்கிழமைகளில் பின்னறைக்கு வந்து எதிரெதிர் மூலையில் உட்காருகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் நான் ஒருத்தி மட்டும், இருவருக்கும் தனித்தனியாகப் புத்தகம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.