பனிமூட்டத்தில் நின்ற ஆட்டம்

நெட்டா கயிற்றை விடவில்லை.

எட்டுப் பேர் கையில் எட்டுக் கயிறு. ஏழு பேர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்க, கால்மாட்டில் நின்ற நெட்டா மட்டும் பிடித்த பிடியாக நின்றாள். சவப்பெட்டி தலைப்பக்கம் தாழ்ந்து, கால்பக்கம் தூக்கி, பாதிவழியில் கோணலாக நின்றது.

"நெட்டா, விடு," என்றார் தலைமாட்டில் நின்ற லாக்லன். பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவி இஷ்பெல்.

"விடத்தான் போறேன். அவசரப்படுத்தாதய்யா."

போதகர் தொண்டையைச் செருமினார். மலைக் கல்லறையில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நெட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றைத் தளர்த்தினாள். பெட்டி நேராகி உள்ளே போனது.

கால்மாட்டுக் கயிறு நெட்டாவுக்குத்தான் என்று இஷ்பெலே சொல்லிவைத்திருந்தாள். இதயம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே சொன்னாள். "என்னை மண்ணுக்குள்ள இறக்கணும்னு முப்பது வருஷமா அலையுறா. அந்த ஆசையாவது நிறைவேறட்டும்." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். லாக்லனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளென்ஃபார்னி கோல்ஃப் கிளப்பில் தட்டையான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அதன் சாப்பாட்டு மேசைதான். மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும். வெளியூர்க்காரர்கள் முதல் குழிக்கு ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிப்போவார்கள். இஷ்பெலும் நெட்டாவும் அதில் ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஏறி இறங்குவார்கள். அந்த மலையிலேயே லாக்லனுடைய நிஜ ஆடுகளும் மேய்ந்தன. அதனால் கிளப்புக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. மட்டையை அவர் கையால் தொட்டதில்லை. கிளப் வாசலையும் மிதித்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இஷ்பெலும் நெட்டாவும் மோதினார்கள். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போட்டவருக்கு அந்தக் குழி; ஒவ்வொரு குழியையும் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் கணக்கு. இரண்டே குழிகள் பாக்கி இருந்தபோது இஷ்பெல் ஒரு குழி முன்னால் இருந்தாள். பதினேழாவது குழிக்குப் பாதி தூரம் போயிருப்பார்கள், உச்சியிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. பந்து கிடந்த இடங்களில் ஆளுக்கொரு குச்சியைக் குத்திவிட்டு, காலையில் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் இறங்கினார்கள்.

"என் ஆட்டம் முடியற வரைக்கும் உன் ஆடுங்க மேலே ஏறக் கூடாது. குச்சியை மென்னு தின்னுடும்," என்றாள் இஷ்பெல் லாக்லனிடம், வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

மறுநாள் காலையில் லாக்லன் வழியை மறித்துப் பார்த்தார். "மலை ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"டாக்டருக்கென்ன, அவரா ஒரு குழி முன்னாடி இருக்கார்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இரு," என்றாள். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் கிளப்புக்குப் போனார்கள். ஊரில் அத்தனை பேரும் நிற்க வேறு கூரை கிடையாது. லாக்லன் முதல்முறையாக உள்ளே நுழைந்தார். முட்டை சாண்ட்விச், வெண்ணெய் பிஸ்கட், விஸ்கி. ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கி, நல்ல மனுஷி என்றார்கள். இஷ்பெல் நல்ல மனுஷியெல்லாம் இல்லை, சரியான முரடு என்று சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. அவளுடைய முரட்டுத்தனத்தைத்தான் அவர் கட்டிக்கொண்டார். அதைப் பற்றி ஒருவராவது பேசினால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் நெட்டா கத்தினாள்.

"இது யார் பார்த்த வேலை?"

சுவரில் கோப்பை வென்றவர்களின் பெயர்ப்பலகை. கடைசி வரியில், ஈரம்கூடக் காயாத தங்க எழுத்தில், நெட்டாவின் பெயர் மின்னியது.

செயலாளர் கில்லிஸ் தட்டைக் கீழே வைத்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. "பலகையில பேர் எழுதறவர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நம்ம பக்கம் வர்றார், நெட்டா. நேத்து வந்திருந்தார். அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்குக் காலியா விடணும்னு..."

"நான் எப்பய்யா ஜெயிச்சேன்?"

"குறிச்ச நேரத்துக்கு ஒருத்தர் வரலைன்னா எதிராளிக்கு ஜெயம். விதி அப்படி."

"செத்துப்போனவ எப்படி வருவா?"

"ஏன் வரலைன்னு விதி கேக்கறதில்லையே."

"அப்ப நானும் விதியே பேசறேன். நான் விட்டுக்கொடுக்கறேன். கோப்பை அவளுக்கு. இதை அழிச்சிட்டு இஷ்பெல் பேரை எழுதுங்க."

கூட்டத்தில், அதுதானே நியாயம் என்று நாலு குரல்கள் எழுந்தன. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லாக்லனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"வேண்டாம்," என்றார். "அவளுக்குப் பிச்சை போட நீ யாரு?"

நெட்டா திரும்பினாள். "யோவ், நான் உன் பொண்டாட்டிக்கு மரியாதை பண்றேன்யா."

"குழியோரத்துல நிக்கிற பந்தைக்கூட, 'போதும், அடிச்சதா வச்சுக்கோ, எடுத்துக்கோ'ன்னு விட்டுக்கொடுக்கறது உங்க வழக்கம்தானே? அவ ஒரு தடவையாவது அப்படி எடுத்துக்கிட்டாளா?"

"இல்ல."

"உனக்காவது விட்டுக்கொடுத்தாளா?"

"அவளா? எம் பந்து குழியை எட்டிப் பாத்துக்கிட்டிருந்தாக்கூட 'தட்டு'ம்பா, பிசாசு!" சொல்லும்போதே நெட்டாவின் குரல் உடைந்தது.

"அப்ப இந்தப் பலகையும் அவளுக்கு அவமானம், உன் மரியாதையும் அவமானம். ஆட்டம் முடியட்டும். அவளுக்காக நான் ஆடறேன்."

அறையின் பின்பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது.

"மட்டையை எந்த முனையில பிடிக்கணும்னு தெரியுமாய்யா உனக்கு?" என்றாள் நெட்டா.

"முப்பது வருஷமா சாப்பாட்டு நேரத்துல அவ பேச, நான் அதைத்தானே கேட்டேன்."

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் ஆட விதியில இடமில்ல, லாக்லன்," என்றார் கில்லிஸ் மெதுவாக. "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா..."

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் ஆடுங்க பட்டியில பட்டினியா கத்துது. அவ சொன்னதுக்காக அடைச்சு வச்சிருக்கேன். முடியாதுன்னா சொல்லுங்க, இப்பவே போய்த் திறந்து விடறேன். மலையில மேய்க்கிற உரிமை எனக்கு இருக்கு. நாளைக்குக் குழியைச் சுத்தியிருக்கிற உங்க பச்சைத் தரையை எந்த விதிப்படி கழுவறீங்கன்னு பாக்கறேன்."

கில்லிஸ் ஜன்னலைப் பார்த்தார். "இங்கேருந்து பாத்தா மழைதான் தெரியுது," என்றார் கடைசியில். "மழைக்குள்ள யார் என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது."

மலை ஏறும்போது நெட்டா சொன்னாள்: "நான் கையை அடக்கி ஆட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அடக்கிப் பாரு. ஆட்டைத் திறந்து விட்டுடுவேன்."

குச்சிகள் இரண்டும் குத்தின இடத்திலேயே நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்புக் குடைகளோடு சரிவு முழுக்க நின்றார்கள். சிலர் கையில் இன்னும் சாண்ட்விச் தட்டு. லாக்லன் இஷ்பெலின் மட்டையை ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு கட்டி மண் பறந்து போய்க் கில்லிஸின் குடையில் விழுந்தது. பந்தையும் பார்க்காமல், குழியையும் பார்க்காமல் அவர் திரும்பத் திரும்ப அடித்தார். பதினேழாவது குழியை நெட்டா சிரமமில்லாமல் எடுத்துக்கொண்டாள். இப்போது இருவரும் சமம். ஒரு குழிதான் பாக்கி.

கடைசிக் குழி நேரே இறக்கத்தில், கிளப் வாசலில் முடிவது. மேலேயிருந்து லாக்லன் அடித்த முதல் அடி எப்படியோ சரியாகப் பட்டுவிட்டது. கையில் கனமே தெரியவில்லை. பந்து எழும்பி, பள்ளத்தாக்கின் மேல் வெகுநேரம் நின்று, பிறகுதான் விழுந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். லாக்லனுக்கு இஷ்பெல் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று தெரிந்துதான், 'நீயும் ஒரு நாள் வந்து அடிச்சுப் பாரேன்' என்று அவள் எத்தனை தரம் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?

ஒரு அடிதான் அப்படி அமைந்தது. அடுத்தது ஓடைக்குள் போனது. அதற்கடுத்தது ஓடையிலேயே இருந்தது. அவர் முழங்கால் வரை சேறாகி, பந்தைப் பச்சைத் தரை ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, நெட்டாவின் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அது உள்ளே போனால் ஆட்டம் அவளுடையது. சின்னப் பிள்ளைகூடத் தவறவிடாத தூரம்.

நெட்டா அவரைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் 'எடுத்துக்கோ' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"தட்டு," என்றார் லாக்லன்.

நெட்டாவின் முகம் கோணியது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மழையும் கண்ணீரும் சேர்ந்து, துடைத்த மாத்திரத்தில் மறுபடி வழிந்தது. மட்டையை இரண்டு தரம் வைத்து எடுத்துவிட்டு, தட்டினாள். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

யாரும் கைதட்டவில்லை. கில்லிஸ் தொப்பியைக் கழற்றினார். நெட்டா வந்து கையை நீட்டினாள்.

"தோத்துட்டா," என்றாள் அழுதுகொண்டே. "நல்லா, முழுசாத் தோத்துட்டா, கழுதை."

"ஆமா," என்றார் லாக்லன். அவள் கையை இறுக்கிக் குலுக்கினார்.

"வா, உள்ளே போகலாம். பந்தை எடுத்துக்கோ."

"இன்னும் குழியில விழலையே."

"ஆட்டம் முடிஞ்சு போச்சு, லாக்லன். இனிமே விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"

அவர் தன் பந்திடம் போனார். தட்டினார். குழியைத் தாண்டி ஓடியது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் மறுபடி தட்டினார். இந்தப் பக்கம் வந்து நின்றது. மழை வலுத்தது. கையில் தட்டோடு நின்றவர்கள் தட்டோடு நின்றார்கள். உள்ளே போகத் திரும்பியவர்கள் திரும்பி வந்தார்கள். குழியில் செருகியிருந்த கொடியைக் கழற்றி வைத்திருந்த நெட்டா அதைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். லாக்லன் மறுபடியும் தட்டினார், போதவில்லை. குனிந்து, மூச்சை அடக்கி, இன்னொரு முறை.

பந்து உள்ளே விழுந்தது. லாக்லன் அதை எடுக்கக் குழிக்குள் கையை விட்டார். கை வெளியே வரக் கொஞ்ச நேரமாயிற்று. அதுவரை எல்லோரும் மழையிலேயே நின்றார்கள்.